வாசகர் கேள்வி – பதில்: பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் இரண்டு நாள்

பிரான்ஸில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் நெல்லைச் சீமைக் குடும்பங்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. பாரிஸின் கோபுரத்தையும் அருங்காட்சியகங்களையும் பார்த்து முடித்த பின், சனி ஞாயிறுகளில் நகரத்தை விட்டு விலகி எங்கே போய் இளைப்பாறலாம் என்பதே அது. ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் பாரிஸில் வேலை பார்க்கிறான். ஜூன் மாதம் நானும் என் மனைவியும் அங்கே போய் ஒரு மாதம் தங்க இருக்கிறோம். சனி, ஞாயிறு மட்டுமே அவனுக்கு ஓய்வு. ஒரு வாரம் சுவிட்சர்லாந்து, மறு வாரம் இத்தாலி என்று அவன் திட்டம் போட்டு வைத்திருக்கிறான். எங்களுக்கோ அலைச்சல் இல்லாமல் ஓரிடத்தில் அமைதியாக இருந்துவிட்டு வந்தால் போதும். பாரிஸுக்குப் பக்கத்தில் அப்படி இடம் உண்டா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் இந்தப் பயணத்தில் விட்டுவிடுமாறு மகனிடம் தயங்காமல் சொல்லுங்கள். இரண்டே நாளில் எல்லை தாண்டிப் போய் வருவதென்றால், பெரும்பொழுது ரயிலிலும் நிலையங்களிலும் கழிந்துவிடும். உங்கள் வயதில் அதற்குப் பிறகு ஒரு வாரம் கால் வலிக்கும். பிரெஞ்சுக்காரர்களே தங்கள் ஓய்வு நாள்களை அப்படிக் கழிப்பதில்லை. சம்பளத்துடன் கூடிய விடுமுறை அங்கே 1936-இல் சட்டமானது. அப்போது இரண்டு வாரமாக இருந்தது, இன்று ஐந்து வாரமாகியிருக்கிறது. நகரத்தில் உழைக்கும் எளிய குடும்பங்களும் நாட்டுப்புறத்துக்குப் போய், ஒரே ஊரில் இருந்து, நடந்து, சமைத்துச் சாப்பிட்டு, தூங்கிவிட்டுத் திரும்பும் பழக்கம் அங்கே நன்றாக வேரூன்றியிருக்கிறது. அந்த வழியே உங்களுக்கும் பொருந்தும்.

பாரிஸிலிருந்து போக நான் முதலில் சொல்லும் இடம் ஃபோன்தேன்ப்ளோ காடு. பாரிஸில் உள்ள 'கார் து லியோன்' என்னும் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறத்தாழ நாற்பது நிமிடத்தில் இறங்கிவிடலாம்; பாரிஸ் வட்டாரம் முழுவதற்குமான மாத அட்டை மகனிடம் இருந்தால் அவருக்குத் தனிச் சீட்டும் வேண்டாம். ஓக், பீச், பைன் மரங்களுக்கு நடுவே, யானைக் கூட்டம் படுத்திருப்பது போன்ற மணற்பாறைகள் அந்தக் காடெங்கும் கிடக்கின்றன. பாறைகளுக்கிடையே காலடியில் இருப்பது வெண்மணல். கடலிலிருந்து இவ்வளவு தொலைவில் எங்கிருந்து வந்தது இந்த மணல் என்று யாரும் வியப்பார்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியைக் கடல் மூடியிருந்தபோது படிந்த மணல் அது. அந்த மணலின் மேற்பகுதி இறுகித்தான் பாறையாகியிருக்கிறது. கயிறு கட்டாமல் இந்தப் பாறைகளில் ஏறிப் பழக உலகெங்குமிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். மகனுக்கு ஆசையிருந்தால் அவர் ஏறட்டும், நீங்கள் நிழலில் உட்கார்ந்து பார்க்கலாம்.

அந்தக் காட்டில் 1840-களிலேயே தெனெகூர் என்பவர் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு நடைபாதைகள் அமைத்து, மரங்களிலும் பாறைகளிலும் நீலக்கோடு இட்டு வழிகாட்டினார். பொதுமக்கள் இன்பமாக நடப்பதற்கென்றே குறியிட்ட காட்டுப் பாதைகளுக்கு அதுவே முன்னோடி. அதே காலத்தில், காட்டின் மேற்கு ஓரத்திலுள்ள பார்பிசோன் என்னும் சிற்றூரில் தங்கி வரைந்த ஓவியர்கள், முதிர்ந்த மரங்களை வெட்டக் கூடாதென்று குரல் கொடுத்தார்கள். அதன் பலனாக 1861-இல் காட்டின் ஒரு பகுதி, அதன் அழகுக்காகவே, அரசாணையால் காக்கப்பட்டது. ஓர் ஆசிரியருக்கு இது நின்று நினைக்கத்தக்க செய்தி என்று நம்புகிறேன்.

தங்குவதற்குக் காட்டை ஒட்டி, அதே ரயில் தடத்தில் உள்ள மொரே என்னும் ஆற்றங்கரை ஊரைப் பரிந்துரைப்பேன். ஓவியர் சிஸ்லே தம் கடைசி ஆண்டுகளை அங்கே கழித்து 1899-இல் அங்கேயே மறைந்தார். பழைய கல் பாலம், ஆற்று நடுவே ஆலைக் கட்டடம், கரையில் மக்கள் துணி துவைத்த கூரையிட்ட துறைகள் எல்லாம் நடக்கும் தொலைவிலேயே இருக்கின்றன. இத்தகைய துவைதுறைகள் பிரான்ஸில் ஏராளமான சிற்றூர்களில் இன்னும் நிற்கின்றன. சரிந்து வைத்த கல்லின் விளிம்பு, பல தலைமுறைப் பெண்கள் துணி அடித்துத் தேய்த்ததில் வழுவழுப்பாகியிருக்கும். தாமிரபரணிப் படித்துறையில் வளர்ந்த உங்கள் மனைவிக்கு அதை யாரும் விளக்கத் தேவையிராது.

தங்குமிடத்தில் இரண்டு வகை உண்டு. 'ஜீத்' என்பது சமையலறையோடு கூடிய தனி வீடு. 'ஷாம்ப்ர் தோத்' என்பது வீட்டுக்காரர் தம் வீட்டிலேயே காலை உணவோடு அறை கொடுப்பது. பின்னதில் ஐந்து அறைகளுக்கு மேலும், பதினைந்து பேருக்கு மேலும் கூடாது என்பது சட்டம். ஆகவே கூட்டம் என்பதே இராது. ஜீத்களை ஒன்றிணைக்கும் கூட்டமைப்பு 1955 முதல் இயங்கி வருகிறது. அவர்கள் நட்சத்திரத்துக்குப் பதிலாகக் கோதுமைக் கதிர்களால் ஒன்று முதல் ஐந்து வரை தரம் இடுகிறார்கள். மூன்று கதிர் இருந்தால் உங்களுக்கு வசதியாகவே இருக்கும். பல ஜீத்களில் படுக்கை விரிப்பும் துவாலையும் தனிக் கட்டணம் என்பதை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குப் பின் சிற்றூர்க் கடைகள் அடைத்துவிடும். உணவகங்களும் பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை, இரவு ஏழு முதல் ஒன்பது வரை என்ற அளவில்தான் அடுப்பைப் பற்றவைத்திருக்கும். மூன்று மணிக்குச் சாப்பிடப் போனால் பட்டினிதான். ஆகவே சனிக்கிழமை காலையிலேயே பொருள்களை வாங்கிவிடுங்கள். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால், மாலை உணவுக்குப் பிறகும் ஆற்றங்கரையில் நிதானமாக ஒரு நடை போகலாம்.

கேள்வி: கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் வாழையும் பயிரிடும் குடும்பம் எங்களுடையது. மகள் துலூஸ் நகரில் விமானத் தொழிலில் இருக்கிறாள். அவள் வீட்டுக்கருகே புகழ்பெற்ற கால்வாய் ஒன்று ஓடுவதாகச் சொல்கிறாள். படகில் போகலாமா? அந்தத் தண்ணீர் பாசனத்துக்கா?
– விவசாயி, சேரன்மகாதேவி

பதில்: உங்கள் கேள்வியைப் படித்து மகிழ்ந்தேன், கால்வாயைப் பார்த்ததும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்தான் அதை முழுமையாக ரசிக்க முடியும். மகள் சொல்வது மிதி கால்வாய். துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துக் காயல் வரை 240 கிலோமீட்டர் நீளம். பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் 1666-இல் ஆணை பிறந்து, 1681-இல் திறக்கப்பட்டது. பாசனத்துக்காக அல்ல, சரக்குப் படகுகள் ஸ்பெயினைச் சுற்றிப் போகாமல் ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குப் போவதற்காக வெட்டியது. உப்பு வரி வசூலிக்கும் பொறுப்பில் இருந்த பியேர் போல் ரிக்கே என்பவர் இதைத் திட்டமிட்டுத் தம் செல்வத்தையும் அதில் கொட்டினார். திறப்பு விழாவுக்குச் சில மாதங்களுக்கு முன் 1680-இல் இறந்துபோனார்.

அவர் தீர்த்த சிக்கல் தண்ணீரைப் பற்றியதே. கால்வாய் நடுவில் மேடேறி இறங்க வேண்டும்; அந்த உச்சிக்கு நீர் வராவிட்டால் இரண்டு பக்கமும் வறண்டுவிடும். ஆகவே கருமலை எனப்படும் மலைத்தொடரின் ஓடைகளை வாய்க்கால் வெட்டித் திருப்பி, சேன் ஃபெரெயோல் என்னுமிடத்தில் அணை கட்டித் தேக்கி, அங்கிருந்து உச்சிக்குக் கொண்டு வந்தார். கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர் உயரத்திலுள்ள நவ்ரூஸ் என்னும் அந்த இடத்தில், வந்த நீர் இரண்டாகப் பிரிந்து ஒரு பங்கு அட்லாண்டிக் பக்கமும் ஒரு பங்கு மத்தியதரைக் கடல் பக்கமும் இறங்குகிறது. மரங்கள் சூழ்ந்த அமைதியான இடம் அது. மகளிடம் கார் இருந்தால் ஒரு பகலை அங்கேயே கழியுங்கள். சேன் ஃபெரெயோல் நீர்த்தேக்கமும் இன்று கோடையில் மக்கள் குளித்து மகிழும் ஏரியாக இருக்கிறது.

படகில் போகலாம். சிறு வாடகைப் படகுகளை ஓட்ட உரிமம் தேவையில்லை. படகுத்துறையில் பயிற்சி சொல்லிக் கொடுத்து ஒப்படைப்பார்கள். வேகம் மனிதர் விரைந்து நடக்கும் அளவே. வழியில் மதகுத் தொட்டிகள் வரும். படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடி, நீரை நிரப்பியோ வடித்தோ படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டு போவார்கள். மண்ணின் அழுத்தத்தைத் தாங்குவதற்காக அந்தத் தொட்டிகளின் பக்கச் சுவர்களை முட்டை வடிவில் வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று நீர் ஏறுவதைப் பார்ப்பது, உங்களைப் போன்றவருக்குக் கோட்டைகளைப் பார்ப்பதை விட நிறைவு தரும். பயணத்தை நவம்பருக்குத் தள்ளிவிடாதீர்கள்; குளிர்காலத்தில் பராமரிப்புக்காகப் போக்குவரத்தை நிறுத்துவார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏற்ற காலம்.

படகு வேண்டாமென்றால், துலூஸிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வரை கரையில் தளம் போட்ட மிதிவண்டிப் பாதை உண்டு. கரையின் அழகு பிளேன் மரங்களின் நிழல். ஆனால் 2006-இல் அவற்றில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. தாக்கிய மரம் பிழைப்பதில்லை. ஏறத்தாழ 42,000 மரங்கள் இருந்த கரையில் பல்லாயிரம் மரங்களை வெட்டி எரித்துவிட்டு, வேறு இன மரங்களை நட்டு வருகிறார்கள். சில இடங்களில் கரை வெறுமையாகத் தெரிந்தால் காரணம் இதுதான். வாழையில் வாடல் நோயைப் பார்த்தவருக்கு அந்த வருத்தம் புரியும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. கிராமத்தில் போய் இரண்டு நாள் தங்கினால் பட்டினி கிடக்க வேண்டியதுதானா?
– இல்லத்தரசி, கல்லிடைக்குறிச்சி

பதில்: பட்டினி கிடக்க வேண்டாம், ஆனால் உணவகத்தை நம்பியும் போக வேண்டாம். சைவம் என்று சொன்னால் மீன் கொண்டு வருபவர்கள் அங்கே உண்டு. காய்கறிக் கலவை என்று எழுதியிருக்கும் தட்டிலும் பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவியிருப்பார்கள். பல பாலாடைக்கட்டிகளைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறைய வைக்கிறார்கள் என்பதையும் உங்கள் குடும்பம் அறிந்திருப்பது நல்லது. பிரான்ஸின் மேற்கிலுள்ள பிரிட்டனிப் பகுதியில் மரக்கோதுமை (பக்வீட்) மாவில் வார்க்கும் 'கலெத்' நம் தோசைக்குப் பக்கத்தில் வரும். ஆயினும் பலர் மாவிலோ மேலேயோ முட்டை சேர்ப்பார்கள், கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். நீஸ் நகரத்தின் 'சொக்கா' கடலை மாவும் ஆலிவ் எண்ணெயும் நீரும் மட்டுமே. அதைத் தயங்காமல் உண்ணலாம்.

உங்களுக்கு ஏற்றது சமையலறை உள்ள ஜீத் வீடுதான். பாரிஸில் வட ரயில் நிலையத்துக்கு அருகே லா ஷப்பெல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. புளி, துவரம்பருப்பு, கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் அங்கே வாங்கிக்கொண்டு புறப்படலாம். ஊரிலிருந்தே கறிவேப்பிலையைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். பச்சை இலை, காய், கனிகளைத் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு போகக் கூடாது. வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு. பால், இறைச்சிப் பொருள்களும் தடை. பால்கோவாவும் நெய்ப்புட்டியும் ஊரிலேயே இருக்கட்டும்.

சிற்றூர்ச் சந்தைக்குக் கட்டாயம் போங்கள். பெரும்பாலும் சனி அல்லது ஞாயிறு காலையில் கூடும். ஒரு மணிக்குக் கலைந்துவிடும். விளைவித்தவரே தட்டில் பரப்பி விற்கும் தக்காளியும் பீன்ஸும் கத்தரிக்காயும் உங்கள் குழம்புக்குப் போதும். காய்களைக் கையால் அழுத்திப் பொறுக்குவதை அங்கே விரும்ப மாட்டார்கள். முதலில் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்லி, இன்று சமைக்கவா நாளைக்கா என்று அவர் கேட்டால் பதில் சொன்னால், அவரே பார்த்து எடுத்துக் கொடுப்பார்.

கேள்வி: லூர்து மாதா திருத்தலத்துக்கு எங்கள் பங்கிலிருந்து குழுவாகப் போகிறோம். இரண்டு நாள் கூடுதலாக இருக்கிறது. குற்றாலம் போல அருவியில் குளிக்க அருகே இடம் உண்டா?
– வாசகர், வடக்கன்குளம்

பதில்: லூர்து நகரம் பிரனே மலைத்தொடரின் அடிவாரத்தில் இருப்பதால் அருவிகளுக்குப் பஞ்சமில்லை; ஆனால் தலையில் விழும்படி நின்று குளிக்கும் வழக்கம் அங்கே கிடையாது. கவார்னி என்னும் ஊருக்கு மேலே, அரைவட்டமாக எழும் மாபெரும் மலைச்சுவரிலிருந்து 422 மீட்டர் உயரத்திலிருந்து ஓர் அருவி விழுகிறது. அது பனி உருகி வரும் நீர். அடியில் கற்களும் சரியக்கூடும். தொலைவில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

குளிக்க ஆசைப்படுபவர்கள் கொத்தரே என்னும் மலையூருக்குப் போங்கள். லூர்திலிருந்து பேருந்து உண்டு. பூமிக்கடியிலிருந்து வரும் கந்தகம் கலந்த வெந்நீரில், மலையைப் பார்த்தபடி குளிக்கும் குளியலகங்கள் அங்கே இருக்கின்றன. நீச்சலுடை கட்டாயம், வேட்டியோடும் சேலையோடும் இறங்க விட மாட்டார்கள் என்பதைக் குழுவிலுள்ள பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்கு மேலே 'ஸ்பெயின் பாலம்' எனப்படும் இடத்தில் பல ஓடைகள் சேர்ந்து பாறையிடுக்கில் கொட்டுகின்றன. அங்கிருந்து தொங்கு வண்டியும் அதன்பின் நாற்காலி வண்டியும் ஏறினால், கோப் ஏரிக்குச் சிறிது தூரமே நடக்க வேண்டியிருக்கும். மூட்டுவலிக்காரர்களும் இதை நம்பி வரலாம்.

கேள்வி: கிரெனோபிள் நகரில் மேற்படிப்புக்குப் போகிறேன். களக்காடு மலையடிவாரத்தில் வளர்ந்த எனக்கு, வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைய முடியாது என்பதே பழக்கம். அங்கே வார இறுதியில் தனியாக மலையேறலாமா? கூடாரம் போடலாமா?
– மாணவர், களக்காடு

பதில்: குறியிட்ட பாதைகளில் யாரிடமும் அனுமதி கேட்காமல் நடக்கலாம். கிரெனோபிளைச் சுற்றிலும் ஷார்த்ரூஸ், வெர்கோர், பெல்தோன் என்று மூன்று மலைத்தொகுதிகள் இருக்கின்றன. நகரப் பேருந்திலேயே பாதையின் தொடக்கத்துக்குப் போய்விடலாம். 1947 முதல் உருவாகி வந்த 'ஜி.ஆர்.' என்னும் நெடும்பாதைகளில் வெள்ளைக் கோட்டின் கீழ் சிவப்புக் கோடு இட்டிருப்பார்கள். உள்ளூர்ச் சிறுபாதைகளுக்கு மஞ்சள். இரண்டு கோடுகள் பெருக்கல் குறியாகக் குறுக்கிட்டிருந்தால் அது தவறான வழி; உடனே திரும்பிவிட வேண்டும். தனியாகப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பல்கலைக்கழக மலையேற்றக் குழுவில் சேருங்கள், நட்பும் கிடைக்கும்.

கூடாரத்தை நினைத்த இடத்தில் போட முடியாது. அருகிலுள்ள எக்ரேன் தேசியப் பூங்காவில், பூங்கா எல்லையிலிருந்தோ சாலையிலிருந்தோ ஒரு மணி நேர நடைக்கு அப்பால், மாலை ஏழு முதல் காலை ஒன்பது வரை மட்டும் சிறு கூடாரம் போட அனுமதிக்கிறார்கள். நெருப்பு மூட்டக் கூடாது. மலைக் குடில்களில் படுக்கையும் சூடான உணவும் கிடைக்கும், முன்பதிவு வேண்டும்.

நம் மலையில் யானைக்கும் கரடிக்கும் அஞ்சுவோம். அங்கே நீ கவனிக்க வேண்டியது ஆட்டுக்காவல் நாய். 1992-இல் இத்தாலியப் பக்கத்திலிருந்து ஓநாய்கள் மீண்டும் பிரான்ஸுக்குள் வந்தது உறுதியான பிறகு, மந்தைகளோடு 'பாத்தூ' என்னும் பெரிய வெள்ளை நாய்களை விடுவது பெருகியது. அது குரைத்துக்கொண்டு ஓடி வந்தால் ஓடாதே, கம்பை ஓங்காதே, கண்ணோடு கண் பார்க்காதே. நின்று, அமைதியாகப் பேசு. அது மோப்பம் பிடித்து, நீ ஆட்டைத் தொட வரவில்லை என்று தெரிந்துகொள்ளட்டும். பிறகு மந்தையைத் தொலைவாகச் சுற்றிக்கொண்டு போ. செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக் காலம் என்பதால் பளிச்சென்ற நிறத்தில் சட்டை அணிந்துகொள். புல்வெளியில் நடந்து திரும்பியதும் முழங்கால் மடிப்பிலும் அக்குளிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார். அதனால் லைம் நோய் பரவும். எடுக்கும் சிறு கொக்கி மருந்துக் கடையில் கிடைக்கும். ஆபத்தென்றால் 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

கேள்வி: ஊதா நிற லாவெண்டர் வயல்களைப் பார்க்க எந்த மாதம் போக வேண்டும்?
– பூ வியாபாரி, சங்கரன்கோவில்

பதில்: தென்கிழக்கு பிரான்ஸிலுள்ள புரோவான்ஸின் வலான்சோல் மேட்டுநிலத்தில் ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை, அதன்பின் அறுத்துவிடுவார்கள். உயரமான சோ பகுதியில் சற்றுத் தாமதமாகப் பூக்கும். அவை விவசாயிகளின் வயல்கள். வரிசைகளுக்கிடையே நின்று படமெடுக்கலாம், கொத்தாகப் பறிக்கக் கூடாது. பாரிஸை விட்டு அவ்வளவு தூரம் போக முடியாதென்றால், ஓவியர் மோனே 1883 முதல் 1926-இல் இறக்கும் வரை வாழ்ந்த ஜிவெர்னித் தோட்டம் ஏப்ரல் முதல் நவம்பர் முதல் நாள் வரை திறந்திருக்கும். சேன் லாசார் நிலையத்திலிருந்து வெர்னோனுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய், அங்கிருந்து சிற்றுந்தில் ஏற வேண்டும். சனி ஞாயிறில் நெரிசல் மிகுதி. வார நாளில் காலை முதல் ஆளாகப் போங்கள்.

கேள்வி: மகள் வீட்டில் தங்கத்தான் போகிறோம், இடையில் இரண்டு நாள் கிராம வீட்டில். விசாவுக்கு எதைக் காட்டுவது? அந்த வீட்டுக்காரருக்கு ஏதாவது கொண்டு போகலாமா?
– வாசகி, வீரவநல்லூர்

பதில்: மகள் தம் ஊர் நகரமன்றத்தில் விண்ணப்பித்து, உங்களைத் தங்க வைப்பதற்கான வரவேற்புச் சான்றை வாங்கி அனுப்ப வேண்டும், அதன் மூலப் பிரதியை நீங்கள் விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். அது கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் முதல் வேலையாக அதைச் செய்யச் சொல்லுங்கள். கிராம வீட்டின் முன்பதிவுச் சீட்டையும், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

வீட்டுக்காரருக்கு அன்பளிப்பு கட்டாயமில்லை, கொடுத்தால் மகிழ்வார்கள். உணவுப் பொருளை விடப் பத்தமடைப் பாய் நல்லது. சிறிய அளவில், மேசை மேல் விரிப்பது போலக் கிடைப்பதை வாங்கிச் சுருட்டி வையுங்கள். பெட்டியில் எடையும் ஏறாது. கோரையை எப்படிப் பிளந்து ஊற வைத்து நெய்கிறார்கள் என்று அவர்கள் கேட்பார்கள். அதைப் பிரெஞ்சில் சொல்ல மகளைப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள்.